மறிச்சுக்கட்டி முத்தும் இருபது வருடக் குத்தகையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"நிலைபேறான அபிவிருத்தி" என்ற சொல் இப்போது பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, கம்பனிகளின் விளம்பரப் பலகையிலும் இருக்கிறது. 1987இல் புருண்ட்லான்ட் ஆணைக்குழு கொடுத்த வரைவிலக்கணத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: நாளைய தலைமுறையின் தேவைக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. உதாரணம் ஒன்று சொல்லுங்கள் என்றால் அமேசன் காடு என்பார்கள். நமது முசலிக் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற கடலுக்குள் அதைவிட நல்ல உதாரணம் ஒன்று கிடக்கிறது. வியாபாரம் ஒரு வளத்தோடு எப்படி நடந்துகொண்டது, யார் எதைத் தீர்மானித்தார்கள், முடிவில் யாருடைய கை வெறுமையானது என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. இன்றைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. இந்தப் பெயர்களை இன்று கொழும்பில் சொன்னால், காணிப் பிரச்சினை, வில்பத்து, மீள்குடியேற்றம் என்றுதான் கேட்பவர் மனதில் ஓடும். நூற்றிருபது வருடங்களுக்கு முன் இதே பெயர்கள் இலண்டன் பத்திரிகைகளிலும் பம்பாய் வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களிலும் இருந்தன. காரணம் முத்து.

நமது கரைக்கு அப்பால் கடலடியில் ஆங்காங்கே கடினமான தட்டுகள் உண்டு. கடலோடிகள் இவற்றைப் பார் என்பார்கள். பெரிய பார், செவ்வல் பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். முத்துச் சிப்பி வளர்வது இந்தப் பார்களின் மேல்தான். குஞ்சுப் பருவத்தில் அது நீரோடு மிதந்து வரும். ஒட்டிக்கொள்ளக் கல்லோ பழைய கோதோ கிடைத்தால் பிழைக்கும். வெறும் மணலில் விழுந்தால் சாகும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மணல் நகர்ந்து ஒரு முழுப் பாரையே மூடிவிடுவதும் உண்டு. திருக்கை மீன் தின்னும், நட்சத்திர மீன் தின்னும். இவ்வளவையும் தாண்டிப் பிழைக்கும் சிப்பி நான்கு ஐந்து வயதில்தான் முத்துக்குத் தகுந்ததாகிறது. ஆறு ஏழு வயதுக்குமேல் தானாகவே செத்துப்போகிறது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தி எடுத்தால் கிடைப்பது வெறும் கோது. பிந்தினால் கோதும் கிடைக்காது. இடையில் இருப்பது இரண்டு மூன்று வருட வாசல் ஒன்று. எல்லாப் பாரிலும் அந்த வாசல் ஒரே நேரத்தில் திறக்காது. பல வருடங்கள் எந்தப் பாரிலும் திறக்காது. ஆக, இந்தத் தொழிலில் மிகப் பெரிய திறமை காத்திருப்பது.

மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதினார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று அவர் குறிப்பிடுகிறார். 1344இல் இப்னு பதூதா வந்தார். பத்தாளா என்று அவர் எழுதும் ஊர் நமது புத்தளம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் முத்துக் குவியல் இருக்கிறது, ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டதுண்டா என்று அரசர் கேட்கிறார். பாரசீகக் குடாவில் கண்டிருக்கிறேன் என்று இவர் பதில் சொல்கிறார். மொரோக்கோவில் பிறந்த ஒருவரும் யாழ்ப்பாணத்து அரசரும் புத்தளத்தில் இருந்து முத்து வியாபாரம் பேசியிருக்கிறார்கள். நமது சமூகத்தின் வியாபார வரலாற்றைப் பேசும்போது அரபிகள் வந்தார்கள், மரைக்காயர்கள் வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்ற கேள்விக்கு இந்தக் கடலும் ஒரு பதில்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. அந்த இரண்டு காலத்தையும் இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: 1768 தொடக்கம் 1796 வரை, 28 வருடங்கள், இலங்கைப் பக்கத்துப் பார்களில் சலாபமே நடக்கவில்லை. (முத்துக்குளிக்கும் பருவத்துக்கும் அதைச் சுற்றிக் கூடும் சந்தைக்கும் நமது பழையவர்கள் சொன்ன பெயர் சலாபம்.)

28 வருடம் தொடப்படாத கடல் 1796இல் பிரித்தானியரின் கையில் விழுகிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? 1796, 1797, 1798 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாகக் குத்தகைக்கு விட்டுக் குளித்தார்கள். கொள்ளை வருமானம். அதன் பிறகு பார்கள் ஓய்ந்துவிட்டன. அடுத்து வந்த தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்று அரிப்பில் கடலோரக் குன்றின் மேல் ஒரு மாளிகை கட்டினார். டொரிக் மாளிகை என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். செங்கல்லும் சுண்ணாம்பும். மண் சரியச் சரியச் சுவர் சுவராகக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. கல்யாணப் படம் எடுக்கப் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும், விளிம்பு பலமில்லை.

மூன்று வருடப் பேராசைக்குப் பிறகு பிரித்தானியர் கொஞ்சம் பாடம் படித்தார்கள் என்று சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டு போகப் போக ஓர் ஒழுங்கு உருவானது. அந்த ஒழுங்கை விளங்கிக்கொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

முத்துப் பார்களுக்கென்று ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார். பருவத்துக்கு முன்பே அவர் நமது கரையோரத்துச் சுழியோடிகளை அழைத்துக்கொண்டு பார் பாராகப் போவார். எந்தப் பார் எங்கே என்பதும், அடியில் கல்லா மணலா என்பதும் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுழியோடிகளின் தலைக்குள் இருந்த அறிவு. வரைபடம் பின்னால்தான் வந்தது. மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயது பார்த்து, உடைத்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி முத்து என்று வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். மதிப்புக் காணாவிட்டால் அந்த வருடம் சலாபம் இல்லை. கண்டால் மட்டும் அறிவித்தல் போகும். தமிழ்நாட்டுத் துறைமுகங்கள் முதல் பாரசீகக் குடா வரை செய்தி பரவும். எத்தனை படகு, எத்தனை நாள், எந்தப் பார் என்பதை அரசாங்கம் நிர்ணயிக்கும். வந்த படகுகள் எல்லாம் இறங்க முடியாது.

பிறகு வெறும் மணல் வெளியில் ஒரு நகரம் முளைக்கும். பல பத்தாயிரம் பேர். ஓலைக் கொட்டில்கள், நீதிமன்றம், வைத்தியசாலை, தபால் கந்தோர், பள்ளிவாசல், கோயில், கள்ளுக்கடை, சூதாட்டம் எல்லாம் இருக்கும். கீழக்கரை, காயல்பட்டணம் மரைக்காயர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பம்பாய் வியாபாரிகள், யாழ்ப்பாணம், மன்னார், தூத்துக்குடிச் சுழியோடிகள், குவைத், பஹ்ரைன் பக்கத்து அரபிகள். நள்ளிரவுக்குப் பிறகு தரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் போகும். விடிந்ததும் குளிப்பு. ஒருவர் கல்லில் கால் வைத்து இறங்குவார், மேலே ஒருவர் கயிறு பிடிப்பார். ஒரு நிமிடம், கூடினால் ஒன்றேகால் நிமிடம். சுறாப் பயத்துக்குக் கடல்கட்டி என்று ஒருவர் மந்திரம் ஓதுவார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது பிரித்தானிய அரசாங்கம்! மந்திரத்தில் நம்பிக்கை இருந்தோ இல்லையோ, அவர் இல்லாவிட்டால் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்ற கணக்கு அவர்களுக்கு விளங்கியிருந்தது.

பகலில் கடற்காற்றோடு படகுகள் திரும்பும். சிப்பியெல்லாம் கொட்டு என்று அழைக்கப்பட்ட பெரிய அடைப்புக்குள் போகும். அங்கே நடந்த பங்கு பிரிப்பை நாம் கணித வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கலாம். சுழியோடிகளே தமது சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அவற்றில் இரண்டை அரசாங்க உத்தியோகத்தர் தெரிவு செய்வார். மிச்சம் ஒன்று சுழியோடிகளுக்கு. எந்தக் குவியல் தனக்கு வரும் என்று பிரிப்பவருக்குத் தெரியாது. ஆகவே மூன்றையும் சமமாகத்தான் பிரித்தாக வேண்டும். மூன்றில் இரண்டை அரசாங்கம் எடுப்பது கூலியைப் பொறுத்தவரை அநியாயம் என்பது நமது அபிப்பிராயம்; மார்கோ போலோ சொன்ன பத்தில் ஒன்று எங்கே, இது எங்கே! ஆனால் பிரிக்கிற முறையில் களவுக்கு இடமில்லை.

அரசாங்கத்தின் சிப்பி ஒவ்வொரு நாளும் ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே வாங்க வேண்டும். வாங்கியவர்கள் சிப்பியை அழுக விட்டு, பிறகு கழுவி முத்து எடுப்பார்கள். கோடிக்கணக்கான சிப்பி அழுகினால் எப்படி நாறும் என்று யோசித்துப் பாருங்கள். 1906இல் கொட்டுக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்ட இளம் சிவில் சேவை உத்தியோகத்தர் லெனாட் வுல்ஃப், அந்த நாற்றத்தையும் ஈயையும் பல தசாப்தங்களுக்குப் பின் தன் சுயசரிதையிலும் மறக்காமல் எழுதினார். ஹம்பாந்தோட்டையைப் பின்னணியாக வைத்து நாவல் எழுதிய அதே வுல்ஃப்தான்.

இந்த ஒழுங்கின் பலம் எங்கே இருந்தது? வியாபாரிக்குக் கடலில் உரிமை இல்லை. அவர் கரைக்கு வந்த சிப்பியை மட்டும் வாங்கினார். எப்போது குளிப்பது என்று தீர்மானித்தவருக்குச் சிப்பி இல்லாத வருடத்தில் கட்டவேண்டிய வாடகை எதுவும் இல்லை. வருமானம் வராது, அவ்வளவுதான். திறைசேரி முணுமுணுக்கும், ஆனால் மூழ்காது. ஆகவே காத்திருக்க முடிந்தது. 1837 முதல் 1854 வரை சலாபம் இல்லை. 1864 முதல் 1873 வரை இல்லை. 1891க்குப் பிறகு 1903 வரை இல்லை. ஒவ்வொரு முறையும் பார்கள் திரும்பி நிறைந்தன.

அந்த முணுமுணுப்புத்தான் 1902இல் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மனை இங்கே கொண்டுவந்தது. சிப்பி ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல். இருவரும் செய்தது மதிக்கத்தக்க வேலை. அவர்களுடைய அறிக்கையை ரோயல் சொசைட்டி 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. அதில் நமக்குப் பிடித்த பகுதி பெரிய பாரைப் பற்றியது. நமது கடலோடிகள் அதைத் தாய்ப் பார் என்றார்கள். மற்றப் பார்களுக்குக் குஞ்சு அங்கிருந்துதான் போகிறது என்று நம்பினார்கள். ஹேர்ட்மன் கணக்குப் பார்த்தார். 1880க்குப் பிறகு குறைந்தது 11 தடவை அந்தப் பாரில் குஞ்சு நிறைந்திருக்கிறது. ஒரு தடவைகூட அது சலாபமாகக் கனியவில்லை. ஒவ்வொரு முறையும் பருவக்காற்று அழித்திருக்கிறது. அவருடைய ஆலோசனை எளிமையானது. அழியப்போகிற இடத்திலிருந்து குஞ்சை எடுத்துப் பாதுகாப்பான பாரில் விடுங்கள். கடலடியில் கல்லும் கோதும் போட்டுச் சிப்பிக்கு இருப்பிடம் உண்டாக்குங்கள். நெல்லுக்கு நாற்று நடுகிற மாதிரித்தான்.

இதற்கிடையில் கடல் தானாகவே திறந்தது. 1903இல் சலாபம், 1904இல் சலாபம். 1905இல் நடந்தது எல்லாவற்றையும் விழுங்கியது. 8 கோடிக்கும் அதிகமான சிப்பி, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். மறிச்சுக்கட்டி மணலில் அவ்வளவு பணம் அதற்கு முன் புரண்டதில்லை.

அந்த மகிழ்ச்சியில்தான் குத்தகை வந்தது. இலண்டன் மூலதனத்தோடு உருவான "சிலோன் கம்பனி ஒஃப் பேர்ள் ஃபிஷர்ஸ்" என்ற நிறுவனத்துக்கு, தேசாதிபதி ஹென்றி பிளேக்கின் காலத்தில், 1906 முதல் 20 வருடத்துக்குப் பார்கள் கொடுக்கப்பட்டன. வருட வாடகை 3 இலட்சத்துப் 10 ஆயிரம் ரூபா. அதோடு சிப்பி வளர்ப்புக்கும் வருடா வருடம் பணம் செலவழிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அரசாங்கத்துக்குப் போய்வந்த பங்கு இனிக் கம்பனிக்கு.

இன்றைய மொழியில் சொன்னால், எல்லாப் பெட்டிகளுக்கும் சரி போட்ட ஒப்பந்தம். விஞ்ஞான ஆலோசனை உண்டு, நீண்டகால முதலீடு உண்டு, வள மீளுருவாக்கத்துக்கு ஒதுக்கீடு உண்டு. திறைசேரிக்கு நிலையான வருமானம் உண்டு. அந்த வாடகை ஏமாற்று விலை என்று சொல்லவும் முடியாது. 25 இலட்சம் ரூபா கிடைத்தது ஒரு வருடத்தில்; 1903க்கு முன் பத்து வருடத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அரசாங்கம் கேட்ட தொகை நியாயமாகத்தான் தெரிகிறது.

பிழை அந்தச் சராசரிக்குள் இருந்தது. கடல் சராசரியாகச் சிப்பி கொடுப்பதில்லை. ஐந்து வருடம் அள்ளிக் கொடுக்கும், பத்து வருடம் கையை விரிக்கும். வாடகையோ வருடா வருடம் ஒரே அளவு. வாடகைக்கும் பங்குதாரருக்கும் பதில் சொல்ல வேண்டிய கம்பனிக்கு, சிப்பி கண்ணில் படுகிற வருடத்தில் பொறு என்று யார் சொல்வது? இதே கம்பனியை நமது ஊர் ஹாஜியார் ஒருவர் நடத்தியிருந்தாலும் அவர் பொறுத்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

1906இல் குளித்தார்கள். 1907இல் மீண்டும் குளித்தார்கள். 1903 தொடக்கம் கணக்குப் பார்த்தால் இடைவெளியே இல்லாமல் ஐந்து வருடம். 1907இல் கிடைத்தது 1905இல் கிடைத்ததில் ஒரு சிறு பங்குதான். 1908இல் பார்கள் வெறுமை. அடுத்த வருடமும் வெறுமை. அதற்கடுத்த வருடமும் அதேதான். ஹோர்னெல் 1908இல் சென்னை அரசாங்கத்தின் வேலைக்குப் போய்விட்டார். கம்பனிக்கு வருமானம் இல்லை, வாடகை மட்டும் ஏறுகிறது. 20 வருடத்தில் பாதிகூடப் போகவில்லை, கம்பனி கலைக்கப்பட்டது. கம்பனியின் காசில் நடக்கவேண்டிய நாற்று நடுகையும் அதோடு போனது.

இந்த இடத்தில் நிதானமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பனிதான் கடலை அழித்தது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது சுலபம். முகநூலில் அதற்கு விருப்பமும் நிறைய விழும். வரலாறு அவ்வளவு சுலபமாக இல்லை. கம்பனி வருமுன்பே அரசாங்கம் மூன்று வருடம் தொடர்ந்து அள்ளியிருந்தது. கம்பனி இல்லாத காலத்திலும் பார்கள் பல தடவை வெறுமையாகியிருக்கின்றன. மணலும் காற்றும் தம் வேலையைச் செய்திருக்கின்றன. பழைய ஏற்பாடு அந்த வெறுமையைத் தாங்கியது, புதிய ஏற்பாடு தாங்கவில்லை என்பதுதான் வித்தியாசம். கடலுக்குச் செய்யவேண்டிய வைத்தியத்தை, கடலிலிருந்து வரும் இலாபத்தையே நம்பி ஒப்படைத்தார்கள். இலாபம் நின்ற அன்றே வைத்தியமும் நின்றது. வைத்தியம் மிகவும் தேவைப்பட்டதும் அந்த வருடங்களில்தான்.

அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது. அதற்குள் சந்தையே மாறிவிட்டது.

மாற்றியவர் ஜப்பானின் கோகிச்சி மிக்கிமோட்டோ. நூடில்ஸ் விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1888இல் சிப்பிப் பண்ணை தொடங்கினார். 1893இல் வளர்ப்புச் சிப்பியில் முதல் அரைவட்ட முத்தை எடுத்தார். 1905இல், நமது கடலில் 8 கோடி சிப்பி அள்ளப்பட்ட அதே வருடம், செங்கடற்பெருக்கு என்ற பாசிப் பெருக்கத்தால் அவருடைய பண்ணைச் சிப்பிகள் பெருந்தொகையாகச் செத்தன. அவர் விடவில்லை. 1920களில் அவருடைய உருண்டை முத்துகள் ஐரோப்பியச் சந்தைக்கு இயற்கை முத்தைவிடக் குறைந்த விலையில் வந்தபோது, இலண்டனிலும் பாரிஸிலும் வியாபாரிகள் இது போலி என்று கூச்சல் போட்டார்கள். ஆய்வில் அது முத்துத்தான் என்று நின்றது. பாரசீகக் குடாவின் முத்துத் தொழிலும் 1930களில் விழுந்தது. குவைத்தும் பஹ்ரைனும் எண்ணெய் கிடைத்துத் தப்பின. முசலிக்கு எண்ணெய் கிடைக்கவில்லை.

மிக்கிமோட்டோவை ஒலியாக்கவும் தேவையில்லை. பிற்காலத்தில் அவருடைய அதே ஆகோ குடாவில் பண்ணைகள் நெருக்கியடித்து நீரை நாசமாக்கிய கதையும் உண்டு. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அவரும் ஒரு வியாபாரிதான், இலாபத்துக்காகத்தான் செய்தார். அவர் சிப்பியை உண்டாக்குவதிலிருந்து தொடங்கினார், அதற்காக வருடக்கணக்கில் நட்டப்பட்டார். நமது பார்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் இருந்த சிப்பியை எடுப்பதிலிருந்து தொடங்கினார்கள். வளர்ப்பு இரண்டாவது வேலையாக இருந்தது.

சரி, அந்த 25 இலட்சத்தில் முசலிக்கு என்ன கிடைத்தது? ஒரு வருடம் ஆறேழு கிழமை வேலை. கயிறு பிடித்தவருக்குக் கூலி, தண்ணீர் சுமந்தவருக்குக் கூலி, மீன் விற்றவருக்குக் காசு. சலாபம் முடிந்ததும் வைத்தியசாலை கழற்றப்பட்டது, தபால் கந்தோர் கழற்றப்பட்டது, ஓலையும் கம்பும் காற்றோடு போயின. கரையில் மிஞ்சியது கோதுக் குவியல். வருமானம் கொழும்பின் கணக்கிலும் இலண்டனின் கணக்கிலும் சேர்ந்தது. பாரைப் பற்றிய அறிவைத் தலையில் வைத்திருந்த சுழியோடிகளின் பிள்ளைகள், 1925க்குப் பிறகு சங்கு குளிக்கவும் மீன் பிடிக்கவும் போனார்கள். அவர்களுக்குப் பின் அந்த அறிவு யாருக்கும் தேவைப்படவில்லை.

மீதியை 1990 ஒக்டோபர் முடித்து வைத்தது. குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் எதைக் கொண்டு போயிருக்கும்? காணி உறுதியையே விட்டுவிட்டுப் போனவர்கள், உம்மாவின் உம்மா வைத்திருந்த முத்துச் சல்லடையைத் தூக்கிக்கொண்டா போவார்கள்? இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தால் கிராமத்தின் மேல் காடு வளர்ந்திருந்தது. 2012இல் வர்த்தமானி மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை ஒதுக்கக் காடு என்றது. அந்தப் பிரச்சினை தனிப் பதிவுக்குரியது, இங்கே கிளறவில்லை. ஒரு பாட்டனார் காலத்தில் உலகம் முழுவதிலுமிருந்து கப்பல் வந்த கரையில், நீங்கள் எப்போது இங்கே குடியேறினீர்கள் என்று இன்று நம்மிடம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. மன்னார் மாவட்டத்துக்கு மறுபடியும் கம்பனிகள் வருகின்றன. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் காற்றாலைகள் 30 சுற்றுகின்றன. அதற்கு மேலும் காற்றாலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கனிய மணலுக்காக ஆஸ்திரேலியக் கம்பனி ஒன்று தீவில் துளையிட்டுப் பார்த்திருக்கிறது. கடலட்டைப் பண்ணைகள் வடக்குக் கரையெங்கும் பரவுகின்றன. இழுவைமடியை நமது நாடு 2017ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகள் கடலடியை வழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. சிப்பிக்கு ஒட்டிக்கொள்ளக் கல் வேண்டும் என்று மேலே சொன்னோமே, வழித்தெடுக்கப்படுவது அந்தக் கடலடிதான்.

எல்லாத் திட்டத்தையும் எதிர்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நமது பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். காற்றில் மின்சாரம் எடுப்பதும் கனிய மணலைத் தோண்டி ஏற்றுவதும் ஒன்றல்ல; காற்று நாளையும் வரும், மணல் வராது. பொதுக்கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பகல் சாப்பாட்டுப் பார்சலோடு திரும்பி வராமல், 1906 ஒப்பந்தத்தை மனதில் வைத்துச் சில கேள்விகளைக் கேட்கலாம். வருமானம் இல்லாத வருடத்தில் இந்தக் கம்பனி என்ன செய்யும்? சூழலைச் சரிசெய்யும் பணம் இலாபத்திலிருந்து வருமா, அல்லது முதலிலேயே வைப்புச் செய்யப்பட்டு வேறொருவர் கையில் இருக்குமா? நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கும், அவருக்கு அந்த இலாபத்தில் பங்கு உண்டா? கம்பனி கலைந்தால் குழியை மூடுவது யார்? பள்ளி நிர்வாகமும் மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் இவற்றை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாய்ப் பதிலை யாரும் கோப்பில் போடுவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தரம் 10, 11 பிள்ளைகளோடு சேர்ந்து முசலிக் கரையின் சலாபக் கதைகளைத் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். முத்தைத் தரம் பிரித்த துளையிட்ட பித்தளைச் சல்லடை, சுழியோடிகளின் கல், பழைய கணக்குக் கொப்பி, படம், எது இருந்தாலும் பரவாயில்லை. பொருளைத் தர வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும். பொருள் இல்லாவிட்டால் பேச்சு இருக்கும். உங்கள் வாப்பும்மா, மூத்தவாப்பா வாயால் கேட்ட பார்களின் பெயர், கடல்கட்டியைப் பற்றிய கதை, துணிக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிய மரைக்காயர்மாரின் கதை எதுவானாலும் குரல் பதிவாக அனுப்புங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த நோன்புக்கு முன் ஒருதரம் பக்கத்தில் இருந்து கேளுங்கள். புத்தளம், கற்பிட்டி, நீர்கொழும்புப் பக்கம் இன்னும் இருக்கிற நமது ஊரவர்களுக்கும் இதைப் பகிருங்கள்; கதைகளில் பாதி அங்கேதான் இருக்கிறது.